போலீஸ்காரம்மா

"வந்துட்டாங்கப்பா போலீஸ்காரம்மா!"

யாரோ குரல் கொடுக்க, பட்டறையே சிரித்தது. மணி சரியாக ஆறு. வெல்டரின் மனைவி கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

வெல்டர் அவசர அவசரமாகக் கையைக் கழுவிக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். தினமும் இதே கூத்துதான்.

மேஸ்திரிக்குத்தான் மனசு கேட்கவில்லை. தங்கமான வேலைக்காரன். இரும்பையே இஷ்டத்துக்கு வளைக்கிறவன், பெண்டாட்டி சொன்ன பக்கமெல்லாம் வளைகிறானே!

அன்றைக்குப் பொறுக்க முடியாமல் கேட்டுக்கே போய்விட்டார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதே. உன் புருஷனுக்கு வயசு முப்பத்தஞ்சு. வீட்டுக்குப் போக வழி தெரியாதா? நாலு பேர் முன்னாடி அவன் மானம் போகுதும்மா."

வெல்டர் என்னவோ சொல்ல வாய் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"என் சுபாவம் அப்படிண்ணே. சந்தேகப் புத்தி. என்ன பண்றது?"

சொல்லிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள். வெல்டரும் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனான். 'நல்லா வந்து வாய்ச்சாள் இவனுக்கு!' என்று தலையில் அடித்துக்கொண்டார் மேஸ்திரி.

மறுநாள் மணி ஆறாகியும் அவளைக் காணோம். ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டார்கள். கேட்டைப் பூட்ட வந்த மேஸ்திரி, உள்பக்கமாகவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற வெல்டரைப் பார்த்தார்.

"இன்னிக்கு உனக்கு விடுதலைடா! ஓடு!"

"இல்லண்ணே. அவ வர்ற பஸ் நடுவழியில நின்னுடுச்சாம். இப்பத்தான் போன் பண்ணினா. வந்துடுவா."

"அவகிட்ட அவ்வளவு பயமா?"

"அவகிட்ட இல்லண்ணே. என்கிட்டதான்."

மேஸ்திரி விழித்தார்.

"தெருமுனையில பார் இருக்குல்ல? தனியாப் போனா கால் தானா உள்ளே திரும்பிடும். முந்தின ரெண்டு வேலையும் அப்படித்தான் போச்சு. காலையில ஒன்பது மணிக்கு நான் யோக்கியன்தாண்ணே. சாயங்காலம் ஆறு மணிக்கு என்னை நானே நம்ப மாட்டேன். அதனால புத்தி தெளிவா இருக்கறப்பவே தினமும் சொல்லிடுவேன், 'வந்து கூட்டிட்டுப் போ'ன்னு. அவளா வரல. நான்தான் வரச் சொல்றேன்."

"அட, மனசுல உறுதி இருந்தா..."

"அந்த உறுதியைத்தாண்ணே அவ கையில கொடுத்து வச்சிருக்கேன்."

அவன் கேட்டுக் கம்பியை விடாமல் இறுகப் பற்றியிருப்பதை மேஸ்திரி அப்போதுதான் கவனித்தார். பூட்டையும் சாவியையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவன் பக்கத்திலேயே நின்றார்.

கால்மணி நேரம் கழித்து அவள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அவளைப் பார்த்த பிறகுதான் வெல்டர் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

"நேத்து நான் அத்தனை பேசினேனே தங்கச்சி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நாலு பேர் அவரைக் குடிகாரர்னு சொல்றதுக்கு, என்னை ராட்சசின்னு சொல்லிட்டுப் போகட்டுமேண்ணே!"