கத்தரி தேடிய ஜீப்

தளபதி ஒருவர் ஆண்ட நாட்டில், தணிக்கை அறைக் கத்தரியிடம் ஒரு படச்சுருள் வந்து சேர்ந்தது. ரேஷன் கடை வரிசையைப் பற்றிய படம் அது.

"கடை காலியாக இருக்கும் காட்சியை மட்டும் விட்டுவிடுங்கள், அண்ணே. அதற்காகத்தான் என்னை எடுத்தார்கள்" என்று சுருள் கெஞ்சியது.

"அதைத்தான் முதலில் வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். அசையாமல் இரு" என்று சொல்லிக் கத்தரி வெட்டிப் போட்டது.

படம் கொட்டகைக்குப் போனது. வெட்டிய இடத்தில் காட்சி ஒரு குதி குதித்தது. கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"இங்க என்னமோ இருந்திருக்கு" என்றார் ஒருவர்.

"எங்க தம்பியைப் பிடிச்சு ஏத்திக்கிட்டுப் போன பட்டாளத்து ஜீப்பாத்தான் இருக்கும்" என்றாள் ஒரு பெண், சத்தமாகவே. கொட்டகை முழுக்கக் கைதட்டியது.

மறுநாளே சுருள் தணிக்கை அறைக்குத் திரும்பி வந்தது. ஜீப் வரும் காட்சியை உடனே வெட்ட வேண்டும் என்று உத்தரவு.

கத்தரி திறந்த வாயை மூடாமல் முதலிலிருந்து கடைசிவரை தேடியது. பிறகு இன்னொரு முறையும் தேடியது.

"ஏய், உன்னிடம் ஜீப்பே இல்லையே!"

"இல்லைதான் அண்ணே" என்றது சுருள். "இருந்திருந்தால் அன்றைக்கே வெட்டியிருப்பீர்களே."