கே-நான்கு

ராணுவ ஹெலிகாப்டர் பிரிவின் மேஜர் இசக்கியப்பன், தன் விமானி முத்தரசுவின் வீட்டுக்குச் சேதி சொல்லப் போனார். அவர் காதுக்குப் பின்னால் பொருத்தியிருந்த சில்லு, சொல்ல நினைப்பதையெல்லாம் பிரிவின் குறிச்சொற்களாக்கி நாக்குக்குத் தந்துவிடும். விரலால் அழுத்தினால் அணைந்துவிடும். இன்று அது சொன்னால் சுலபம் என்று அவர் அணைக்கவில்லை.

"அம்மா, ஆர்.டபிள்யூ. ஏழு எச்.எல். ஆகிவிட்டது. பைலட் கே-நான்கு."

முத்தரசுவின் மனைவி செண்பகவல்லி விழித்தாள். "விளங்கல சார். அவருக்கு அடிபட்டிருக்கா?"

"கே-நான்கு."

"எந்த ஆஸ்பத்திரி? இதோ வந்துடுறேன்."

உள்ளே ஓடி, ஒரு பையில் கணவனின் கைலி, துண்டு, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் எடுத்து வைத்தாள். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். சட்டையை மடித்தவள் சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"செத்துட்டாரா?"

தலையசைத்தார். அதன் பிறகுதான் சில்லை அணைத்தார்.

"ஆமாம்மா" என்று அவர் வாய் திறந்தபோது, அவள் சட்டையில் முகம் புதைத்திருந்தாள். தான் சொல்ல வேண்டியதை அவளையே சொல்ல வைத்துவிட்டோமே என்று கூசிப்போனார்.