நெருப்பின் காலடியில்

ஒரு வீட்டுத் தோட்டத்தில் ரெட் ஹாட் போக்கர் செடி முதல்முறையாகப் பூத்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியைப் போல, நுனி சிவக்க நிமிர்ந்து நின்றது அதன் பூத்தண்டு.

"நான் பூ இல்லை, நெருப்பு! கிட்டே வந்தால் பொசுங்கிப் போவீர்கள்" என்று தோட்டம் முழுக்க அறிவித்தது.

ரோஜாவும் டேலியாவும் கண்டுகொள்ளவில்லை. நத்தை மட்டும் நடுநடுங்கி ஓடி வந்தது. நத்தை எவ்வளவு வேகமாக ஓடுமோ, அவ்வளவு வேகமாக.

"தலைவா! உங்க அனல் தாங்க முடியலை. அண்ணாந்து பார்க்கக்கூட எனக்கு யோக்கியதை கிடையாது. காலடியிலயே கிடந்துக்கறேன்" என்று தண்டின் அடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது.

பூவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த பூவாளிக்குத்தான் பொறுக்கவில்லை. "அண்ணே, விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கலை. கீழே ஏதோ மெல்லுற சத்தம் கேக்குது. ஒரு தடவை குனிஞ்சு பாருங்க" என்றது.

"குனிவதா? நானா?" என்று சிரித்தது பூ. "பயத்தில் அவனுக்குப் பல் தந்தியடிக்கிறது. அந்தச் சத்தம்தான்."

மறுநாள் காலையில் தண்டு அடியோடு சாய்ந்து கிடந்தது. முதல் ஆளாக இரங்கல் தெரிவித்தது நத்தைதான்.

"ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று தழுதழுத்தது. பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, டேலியாவின் பக்கம் மெல்லத் திரும்பியது.

"தலைவா, உங்க காலடி எங்கே இருக்கு?"

எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற டேலியா, இலைகளை ஒதுக்கிக் காலைக் காட்டியது.