நாளம் விரிந்தபோது

மூளையில் ரத்தக்கசிவுக்கு அறுவை முடிந்து தேறிவந்த உச்சிமாகாளிக்குத் திடீரென்று பேச்சு நின்றது. மூளைக்குப் போகும் ரத்தநாளம் ஒன்று இறுகிவிட்டிருந்தது. தாமதித்தால் பேச்சு திரும்பாது. டாக்டர் ஃபர்சானா தொடைவழியாக மெல்லிய குழாயை அனுப்பி, நாளத்தைத் தளர்த்தும் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்தினார்.

"மேடம், பிரஷர் இறங்குது!" என்றாள் நர்ஸ் ஜெசிந்தா.

"தெரியுது. இன்னும் கொஞ்சம் தாங்குவாங்க."

எக்ஸ்ரே திரையில் நூலாகக் கிடந்த நாளம் தடித்தது. இல்லாமல் போயிருந்த கிளைகளிலும் ரத்தத்தோடு சாயம் பாய, அவை ஒவ்வொன்றாகக் கறுப்பாய்ப் படர்ந்தன. ஜெசிந்தா குனிந்து, "அக்கா, ஒங்க பேரென்ன? பேரு சொல்லுங்கக்கா," என்று விடாமல் கேட்டாள்.

உச்சிமாகாளியின் உதடுகள் அசைந்தன.

"எத்தன தடவதான்ட்டி கேப்ப? காது கேக்காமலா கெடக்கேன்?"

"இன்னொரு தடவை திட்டுங்க!" என்று கத்தினார் டாக்டர்.