தூக்கலான பச்சை

"இந்தப் பச்சை பத்தாது ஆத்தா. இன்னும் கொஞ்சம் தூக்கலா வேணும்" என்றார் முத்துக்கிருஷ்ணன்.

சுகன்யாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. சுவரில் அடித்துக் காட்டியதில் அது ஏழாவது பச்சை.

முத்துக்கிருஷ்ணன் போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர். மண்டியின் முன்னறையையும் பின்னறையையும் புதுசாக்கும் வேலையை அவளிடம் கொடுத்திருந்தார். கோயம்புத்தூரில் உள் அலங்காரம் படித்துவிட்டு வந்தவளுக்கு இதுதான் முதல் வேலை. "செவுத்துக்கு என்ன கலரு அடிக்கலாம்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா?" என்று சொந்தக்காரர்கள் இரண்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இது நன்றாக அமைந்துவிட்டால் ஊரில் பாதி வியாபாரிகள் அவளைத் தேடி வருவார்கள். சொதப்பினால் அப்பா முகத்தில் விழிக்க முடியாது. அவர் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை இது.

அப்பா தவசிக்குப் போடிமெட்டுக்கு மேலே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். இருபது வருஷமாகக் காயை முத்துக்கிருஷ்ணனிடம்தான் போடுகிறார்.

"எந்தப் பச்சைன்னு சொல்லிட்டீங்கன்னா வெரசா முடிச்சிருவேன் பெரியப்பா."

"நம்ம தொழிலுக்குன்னு ஒரு பச்சை இருக்குல்ல, அதைக் கண்டுபிடி. விவசாயி காயைக் கொண்டாந்து காட்டுற எடம் இது. உள்ள நுழைஞ்சா அவனுக்குத் தன் தோட்டத்துல நிக்கிற மாதிரியே இருக்கணும்."

சுகன்யாவுக்கு மனசு குளிர்ந்துபோனது. விவசாயியைப் பற்றி இப்படி யோசிக்கிற ஒரு வியாபாரியை அவள் பார்த்ததே இல்லை.

"பின் ரூமுக்கு?"

"ரோசு."

"தொட்டில் கட்டுற ரூமு மாதிரி இருக்குமே பெரியப்பா. வெளிர் சாம்பல் அடிச்சா..."

"வெளியூருல இருந்து காயி வாங்க வர்ற ஆளுக உக்கார்ற எடம் அது. ரோசுதான். அதுல பேச்சு வேணாம்."

அவரவர் ரசனை அவரவருக்கு என்று வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எஸ்டேட் ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டு மலை ஏறினாள். வளைவுக்கு வளைவு எட்டிப் பார்த்துச் செல்போனில் படம் எடுத்தாள். தேயிலைச் சரிவு, மூங்கில் புதர், பாசி பிடித்த பாறை என்று எதைப் பார்த்தாலும் பச்சைதான். ஆனால் எதுவும் அவர் கேட்ட பச்சை இல்லை. கடைசியில் அப்பாவின் தோட்டத்துக்கே வந்து சேர்ந்தாள். காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து அப்போதுதான் அள்ளிய காயைத் தவசி சாக்கில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, இந்தத் தடவை இப்பிடிப் பச்சையா இருக்கு!"

"கண்ணு வச்சிராத தாயி. இந்த மாதிரிக் காயி எறங்கி நாலு வருசமாச்சு. இது நல்லபடியாப் போச்சுன்னா ஸ்டோருக்குத் தகரம் மாத்திரலாம்."

ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு அடுத்த ஜீப்பிலேயே இறங்கினாள். பெயிண்ட் கடையில் காயை நீட்டி, "இதே பச்சை. ஆனா இதைவிடத் தூக்கலா" என்றாள். கலந்து வந்ததைச் சுவரில் ஒரு இழுப்பு இழுத்ததும் முத்துக்கிருஷ்ணன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"இதான்! மேசைக்கும் இதையே அடிச்சிரு. வேற ஒரு கலரு கண்ணுல படக்கூடாது."

புதுசாக்கிய மண்டியைத் திறந்த அன்று முதல் ஆளாகச் சாக்கோடு வந்தவர் தவசிதான். மகள் செய்த அறையை வாய் பிளந்து பார்த்தார்.

"நெசமாவே தோட்டத்துல நிக்கிற மாதிரி இருக்கு தாயி!"

சுகன்யா பூரித்துப்போனாள். முத்துக்கிருஷ்ணன் சாக்கிலிருந்து இரண்டு கை அள்ளி மேசைமேல் பரப்பினார். உதட்டைப் பிதுக்கினார்.

"என்ன தவசி, காயி வெளுத்துக் கெடக்கு?"

தவசி குனிந்து பார்த்தார். சுகன்யாவும் பார்த்தாள். வெளுத்துத்தான் கிடந்தது.

"தோட்டத்துல நல்லாத்தாண்ணே இருந்துச்சு." தவசியின் குரல் இறங்கிவிட்டது. "ஸ்டோர்ல சூடு கூடிப்போச்சோ என்னவோ. நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க."

"நமக்குள்ள என்னப்பா! ரெண்டாந்தரம்னு போட்டுக்குவோம்."

மகளின் நல்ல நாளில் மல்லுக்கட்ட மனசில்லாமல் தவசி தலையாட்டினார். அவருக்கு டீ வந்தது.

நாலு வருஷம் கழித்து விளைந்த காய் இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தபடி, சுகன்யா திரைச்சீலையைச் சரிசெய்யப் பின்னறைக்குப் போனாள். அங்கே டெல்லி வியாபாரி ஒருவர் காத்திருந்தார். சற்று நேரத்தில் முத்துக்கிருஷ்ணன் அப்பாவின் சாக்கை இழுத்துக்கொண்டு வந்து, அதே காயை அள்ளி, சுவரைப் போலவே ரோஸ் அடித்திருந்த மேசையில் பரப்பினார்.

காய் பச்சைப்பசேலென்று மின்னியது.

"பாருங்க சேட்டு, மொதத்தரம்! இந்தக் கலரு எங்க தேடுனாலும் கிடைக்காது."

சேட்டு மறுபேச்சில்லாமல் தலையசைத்தார். முத்துக்கிருஷ்ணன் சுகன்யாவின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"செவுரு ரெண்டும் என்னமா வேலை பாக்குது பாத்தியா! அடுத்த வாரம் பத்து மண்டிக்காரன் உன்னையத் தேடி வருவான் ஆத்தா."

சுகன்யா ரோஸ் சுவரைப் பார்த்தாள். பிறகு நடுக்கதவை அகலத் திறந்துவைத்தாள்.

"அப்பா, உங்க காயி இந்த ரூமுக்கு வந்ததும் பச்சையாயிருச்சு. ஒரு எட்டு வந்து பாத்துட்டு அப்பறம் வெலையைச் சொல்லுங்க."