ஒன்பதாம் ஆளின் கடைசிக் குழாய்

குமிழி நகர மாட்டேன் என்றது.

கடுகில் கால்வாசி இருக்கும். விரல் நீளக் குப்பிக்குள், இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே, சொந்த வீடு மாதிரி உட்கார்ந்திருந்தது.

அதே குப்பியில் ஒரு மனிதரின் நோய் எதிர்ப்புச் செல்கள் ஐம்பது லட்சம் இருந்தன. கூடவே அவற்றுக்குள் போக வேண்டிய ஒரு மரபணு. அது தானாக உள்ளே போகாது. கூப்பிடாமல் வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி வாசலிலேயே நிற்கும்.

ஐந்நூறு வோல்ட்டைக் கண்ணிமைப்பதற்குள் பாய்ச்சினால் செல்லின் சவ்வில் ஓட்டைகள் திறக்கும். மரபணு நுழைந்துவிடும். ஓட்டைகள் மூடிக்கொள்ளும்.

பாதி செல்கள் செத்துவிடும். ஆய்வேட்டில் இதற்கு ‘ஏற்கத்தக்க இழப்பு’ என்று பெயர்.

குமிழி இருந்தால் கதை வேறு. பட்டனை அழுத்தியதும் ‘டப்’. பொறி பறக்கும், நுரை பொங்கும், அத்தனையும் போய்விடும்.

அத்தனையும் என்றால் உண்மையிலேயே அத்தனையும். ஒன்பதாம் எண் ஆளிடம் எடுத்த ரத்தத்திலிருந்து நாற்பது குழாய்கள் உறைய வைத்தோம். மூன்று வருடத்தில் முப்பத்தொன்பதைத் தீர்த்தாயிற்று. கடைசியை முந்தாநாள் உருக்கினேன். இவை பிழைத்தால் இன்னும் இரண்டு வாரம் தட்டில் உயிரோடு இருக்கும். இல்லாவிட்டால் ஒன்பதாம் ஆள் இன்றோடு சரி.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேராசிரியருக்குப் பிறந்தநாள். வாய்கள் அசைந்தன, சத்தம் வரவில்லை. எனக்கு ஒரு துண்டு கேக் எடுத்து வைப்பதாகச் சீனியர் அக்கா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்படி எடுத்து வைத்த துண்டை ஆய்வக வரலாற்றில் யாரும் கண்டதில்லை.

ஒன்பதாம் ஆள் எங்கள் நட்சத்திரம். பெயர் தெரியக்கூடாது என்பது விதி, எண் மட்டும்தான். மற்றவர்களின் செல்கள் பாதி சாகும்போது இவருடையதில் நூற்றுக்கு எண்பது பிழைத்துக்கொள்ளும்.

“ஷாக் அடிச்சே வளர்ந்த உடம்புடா இது” என்பார் அக்கா.

நான் சிரித்துவைப்பேன்.

அவர் வந்தது ஒரே ஒரு நாள். அக்கா அன்று லீவு. வருவதாகச் சொன்ன ஆள் கடைசி நேரத்தில் கைவிரிக்க, இவர் இரண்டு பஸ் மாறி வந்தார். நர்ஸ் ஊசியைக் காட்டியதும் கூரையைப் பார்க்க ஆரம்பித்தவர், எல்லாம் முடிந்த பிறகுதான் கீழே இறங்கினார். இறங்கியதும் கண்ணில் பட்டது இந்த இயந்திரம்.

“எத்தனை வோல்ட் சார்?”

ஐந்நூறு என்றேன்.

“உயிரோட இருக்குமா சார்?”

பாதி இருக்கும் என்றேன்.

இயந்திரத்தின் பிளக்கை ஆட்டிப் பார்த்தார். அது ஆடியது. பஞ்சு வைத்து ஒரு கையை மடக்கியபடியே, மறு கையால் சட்டைப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்து சுவர் பாயிண்ட்டின் திருகுகளை முடுக்கினார். நாங்கள் மூன்று மாதமாக மனுப் போட்டுக்கொண்டிருந்த வேலை. மூன்று நிமிடம் ஆனது. பேராசிரியரே வந்து கை கொடுத்தார்.

“நடுவுல இடைவெளி விழுந்தா பொறி வரும் சார். பார்த்துப் பண்ணுங்க.”

குப்பியை மேசையில் தட்டினேன். குமிழி அசையவில்லை. இந்தக் கரைசலில் செல்கள் பத்து நிமிடம்தான் தாங்கும். எட்டு ஆகிவிட்டது.

மேலங்கிப் பையிலிருந்து டெஸ்டரை எடுத்தேன். அதன் பிடியால் குப்பியின் பக்கத்தில் மெல்ல ஒரு தட்டு. இன்னொன்று.

குமிழி மேலே ஏறி உடைந்தது.

பட்டனை அழுத்தினேன்.

‘பீப்.’ அவ்வளவுதான். பொறி இல்லை, நுரை இல்லை.

வெதுவெதுப்பான ஊட்டத் திரவத்தில் அவற்றை இறக்கி, உடல் சூட்டில் இருக்கும் பெட்டியில் வைத்தேன். கதவைச் சாத்திய பிறகும் கையை எடுக்கத் தோன்றவில்லை. பெட்டி வெளியிலும் லேசாகச் சூடாக இருந்தது.

அக்கா வந்தார். கையில் தட்டு இருந்தது. தட்டில் கேக் இருந்ததற்கான தடயம் இருந்தது.

“வெடிச்சுதா?”

“இல்லக்கா.”

“ஒன்பதுன்னா சும்மாவா! அவர் நம்பர் உன்கிட்டதானே இருக்கு? ஒரு போன் போட்டு இன்னொரு தடவை வரச் சொல்லேன்டா.”

“எடுக்க மாட்டார்க்கா.”

“பெரிய ஆளுதான்” என்று போய்விட்டார்.

அந்தப் போன் என் மேசை டிராயரில் அணைந்து கிடக்கிறது. ஆறு மாதமாக.

தானப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘ஆய்வாளருக்கு உறவா?’ உறவென்றால் ரத்தம் எடுக்கக்கூடாது. ‘இல்லை’ என்று டிக் அடித்தது நான். இப்போது வாயைத் திறந்தால் மூன்று வருட முடிவுகள் குப்பைக்குப் போகும், அக்காவின் ஆய்வேடு உட்பட. அதனால் ஆறு மாதத்துக்கு முன் போட்ட நான்கு நாள் லீவுக்குக் காய்ச்சல் என்று காரணம் எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் பேராசிரியர் துக்கம் கேட்க வீட்டுக்கு வந்திருப்பார். சுவரில் இருக்கும் படத்தைப் பார்த்திருப்பார்.

அன்று பஸ்ஸில் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டேன். “அங்க வந்து மட்டும் என்னை டேய்னு கூப்பிட்டுடாதீங்கப்பா.”

மனிதர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை. “சார், மோட்டார் போடுங்க. சார், குளிச்சாச்சா?” அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

கடைசி நாள் ஆஸ்பத்திரியில், நெஞ்சில் ஷாக் கொடுக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எத்தனை வோல்ட் சார்?”