சுழலும் கருந்துளையில் ஒரு திருத்தம்

“இது தப்புங்ணா. இப்படியே அச்சடிச்சா நம்ம மானம் கப்பலேறிப் போயிரும்!”

தரணீதரன் சொன்னதைக் கேட்டு மணியன் பதறிப்போய் கம்ப்யூட்டர் திரையில் இருந்த டிசைனைப் பார்த்தார். வேலம்பாளையத்தில் இருந்த அவருடைய பனியன் கம்பெனிக்கு முதன்முதலாக நேரடியாக வந்த ஏற்றுமதி ஆர்டர் அது. ஜெர்மனியில் ஏதோ விஞ்ஞானக் கண்காட்சிக்கு டீ-ஷர்ட். முன்பக்கத்தை முதலில் அடித்து வையுங்கள், பின்பக்கத்துக்கு டிசைன் பிறகு வரும் என்று சொல்லியிருந்தார்கள். இது நல்லபடியாகப் போகாவிட்டால் பழையபடி அடுத்தவர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

“எங்க கண்ணு? கலர் மாறிப்போச்சா?”

“கலர் இல்லீங்ணா, சயின்ஸ். இது கருந்துளைங்க. சுத்துதுன்னு அம்புக்குறி போட்டுட்டு, நடுவுல சிங்குலாரிட்டின்னு ஒரு புள்ளி வெச்சிருக்காங்க. சுத்தாத கருந்துளைக்குத்தான் புள்ளி. சுத்துச்சுன்னா வளையமுங்க.”

“சிங்குலாரிட்டின்னா?”

“உள்ள விழுந்ததெல்லாம் நசுங்கிப் போய்ச் சேருற இடமுங்க. சுத்துற சுத்துல ஒரே புள்ளியில குவிய முடியாது. நம்ம நிட்டிங் மெஷின்ல துணி குழாயாட்டம் வருது, நடுவுல காலியா இருக்குதில்லீங்க? அந்த மாதிரி.”

தரணீதரன் அந்தக் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். எம்.எஸ்ஸி. இயற்பியல். படித்த படிப்பு இதுவரை அங்கே ஃபியூஸ் போடத்தான் உதவியிருக்கிறது. சுழலும் கருந்துளை பற்றி அவன் எழுதிய ஆய்வறிக்கையை ஒரே ஒருவர்தான் முழுசாகப் படித்தார். அவரும் டைப் அடித்துக் கொடுத்தவர். ஆகவே, பிரபஞ்சமே தன்னைத் தேடி வேலம்பாளையத்துக்கு வந்துவிட்டதாக அவனுக்குப் புல்லரித்ததில் ஆச்சரியமில்லை.

“ஆர்டர் குடுத்த பையர் அனுப்புனத அப்படியே அடிக்கறதுதான கண்ணு நம்ம வழக்கம்? ஒரு வார்த்தை கேட்டுப்போடு.”

“கிறிஸ்துமஸ் லீவுங்ணா, அவங்க ஆபீஸ்ல ஆரும் இல்லீங்க. காத்திருந்தா ஷிப்மென்ட் தவறிப்போயிரும். பெட்டியப் பிரிச்சதும் அசந்துருவாங்க பாருங்க. நான் பொறுப்புங்ணா!”

மணியனுக்கு அரை மனசுதான். ஆனாலும், படித்தவன் சொல்கிறானே என்று தலையாட்டினார்.

புள்ளி போய் வளையம் வந்தது. முன்பக்கத் துணி அத்தனையும் அச்சாகி முடிந்தது. வரப்போகும் பாராட்டுக்கு ஆங்கிலத்தில் நன்றி சொல்ல தரணி ஒத்திகைகூடப் பார்த்துவிட்டான். கண்ணாடி முன்னால் நின்று, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி, மிகுந்த தன்னடக்கத்தோடு.

லீவு முடிந்த மறுநாள், பிரிண்டிங் மாஸ்டர் தவசி ஈரம் காயாத ஒரு துணியை ஏந்திக்கொண்டு ஆபீஸுக்கு வந்தார்.

“சார், பின்பக்க டிசைன பையரோட ஏஜென்ட் இப்பத்தான் குடுத்து விட்டாவ. மொத பீஸு அடிச்சிட்டேன். எழுத்துப் பிழை இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

“சத்தமாப் படி கண்ணு, நானும் கேட்டுக்கறேன்” என்றார் மணியன்.

தரணி துணியை வாங்கி விரித்தான்.

துணியில் பெரிய ஆங்கில எழுத்துகளில் இருந்தது இதுதான்: ‘முன்பக்கப் படத்தில் ஒரு தவறு இருக்கிறது. கண்டுபிடித்துச் சொல்பவருக்குப் பரிசு!’